பேட்டரி டப்பாவில் ஒரு தவளை

உலகத்தில் அசையாத பொருள்கள் மொத்தம் மூன்று. ஒன்று மலை, இரண்டு துருவ நட்சத்திரம், மூன்று என் சித்தியின் கை. இதில் மலை, நிலநடுக்கம் வந்தால் ஆடிவிடும். நட்சத்திரமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது என்று அறிவியல் வாத்தியார் சொன்ன அன்று நான் அதிசயமாக வகுப்பில் விழித்திருந்தேன். ஆக மிச்சம் சித்தி மட்டும்தான். பூமி எதையாவது பிடித்துக்கொண்டுதானே சுற்ற வேண்டும்? அது என் சித்தியின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. அவள் கையை உதறினால் அன்றைக்குக் காலை வராது.

சித்தி என்றால் அம்மாவின் ஒரே தங்கை. வயது முப்பத்தெட்டு. வீடியோ எடுப்பது தொழில். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஊர்ல எல்லார் கல்யாணத்தையும் முழுசா பாத்த ஒரே ஆளு நான்தான். அப்புறமும் கேக்கறியா?" என்பாள். பதினெட்டு வருடமாகக் கேமராவை ஸ்டாண்டில் வைக்காமல் கையில் பிடித்தே எடுப்பவள் என்பதால் அவளுக்குப் பட்டப்பெயரே 'ஸ்டாண்டு'. ஒரு கல்லூரி விழாவில் மேடைத் திரை கழன்று அவள் தலைமேலேயே விழுந்தது. அந்த வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். படம் கறுத்துப்போனதே தவிர, ஆடவில்லை.

நான் ஒன்பதாவதில் இரண்டு தடவை கவிழ்ந்தவள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் நானும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டோம். அம்மா என்னைச் சித்தியின் ஸ்டூடியோவில் தள்ளிவிட்டாள். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. தரை எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும், சோப்பு வாசனை வரும். வயர் சுற்றுவது, பேட்டரி சார்ஜ் போடுவது, சித்தியைச் சிரிக்கவைப்பது, இவை என் வேலைகள். மூன்றாவதை யாரும் கொடுக்கவில்லை. நானாக எடுத்துக்கொண்டது.

அவளை ஆகாயத்துக்கு இழுத்தது ஒரு கால்வாய். இருபத்தாறு கிலோமீட்டர் நீளம். சனிக்கிழமை தண்ணீர் திறக்கப் போகிறார்கள். அதற்குள் கரை எங்கெங்கே இறங்கியிருக்கிறது என்று மேலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பாசன ஆபீஸ் இன்ஜினியர் சொன்னார். அவ்வளவு தூரத்துக்கு டிரோன் தாங்காது. அதனால் ஒரு அல்ட்ராலைட் விமானம் ஏற்பாடு செய்தார்கள். விமானம் என்றதும் ஜன்னலோர சீட்டு, பெல்ட் போட்டுவிடும் அக்கா என்றெல்லாம் நினைக்க வேண்டாம். ஒரு பெரிய பட்டத்தின் அடியில் மூன்று சக்கரச் சைக்கிளைக் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் அல்ட்ராலைட். சுவர் கிடையாது, கூரையும் கிடையாது. முன்னால் பைலட், அவர் முதுகுக்குப் பின்னால் சித்தி, சித்தியின் முதுகுக்குப் பின்னால் இன்ஜின்.

முதல் தடவை கேமராவை விமானத்தின் கம்பியில் போல்ட்டு போட்டு முறுக்கினாள். இன்ஜினின் நடுக்கம் முழுவதும் கம்பி வழியாகக் கேமராவுக்குள் இறங்கிவிட்டது. வீடியோவைப் பார்த்த இன்ஜினியர், "மேடம், நான் கால்வாய எடுக்கச் சொன்னேன். நீங்க மண்புழுவ எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சித்தி திரும்பிப் பார்த்தாள். போய்விட்டது.

இரண்டாவது தடவை என் தலையணையைக் கிழித்து, பஞ்சை எடுத்துக் கேமராவுக்கு மெத்தை கட்டி, கையில் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டி எடுத்தாள். மெத்தை நடுக்கத்தைத் தின்றது. ஆனால் நீட்டிய கையைக் காற்று அடித்தது. இந்தத் தடவை இன்ஜினியர் ஜோக் அடிக்கவில்லை. திரையில் ஒரு இடத்தைத் தொட்டு, "இது கரையில இருக்கற கோணலா, உங்க கையில இருக்கற நடுக்கமா? நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? புதன்கிழமை ஒரு தடவை பாருங்க. அதுவும் ஆடுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

சித்தி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை; சாப்பாடு உட்பட. பதினெட்டு வருடத்தில் அவள் கைக்கு 'நடுக்கம்' என்ற சொல்லை யாரும் பக்கத்தில் கொண்டுவந்ததில்லை. மறுநாள் மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து வலது கையை வெயிலில் விரித்து, விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடுகிறதா என்று பார்க்கிறாள். நான் செருப்பைத் தேடுவதுபோல அவளைத் தாண்டிப் போய், காலில் செருப்போடு திரும்பி வந்தேன்.

பிறகு அவள் செய்ததை ஊர் இன்னும் பேசுகிறது. கீழே சலவைக் கடைக்குப் போய், பெரிய வாஷிங் மெஷின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சுத்த விடுங்க" என்றாள். துணி பிழிகிற வேகத்தில் மெஷின் தடதடவென்று குதிக்க, கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, எதிர்ச் சுவரிலிருந்த காலண்டரை எடுத்தாள். இரண்டு நாள் இதே வேலை. சலவைக்காரர் என்னிடம் குனிந்து, "உங்க சித்திக்கு உடம்பு ஏதாச்சும்...?" என்று இழுத்தார். "இல்லண்ணே, வெளுத்துட்டுப் போலாம்னு வந்திருக்காங்க" என்றேன்.

ஆனால் அந்த மெஷின்மேல்தான் அவள் கண்டுபிடித்தாள். முழங்கையை எதன்மேலும் ஊன்றக் கூடாது. உடம்பைத் தளர விட்டால் சதையே நடுக்கத்தைக் குடித்துவிடும். "இடுப்புக்குக் கீழ விமானத்துக்கு, இடுப்புக்கு மேல கேமராவுக்கு. புரியுதாடி?" உட்காருமிடத்தில் பாதிக் காற்றடித்த சைக்கிள் டியூப். கேமராவுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு. "கனமா இருந்தா அதுக்கே ஆடச் சோம்பலா இருக்கும், உன்ன மாதிரி." கேமராவை வெளியே நீட்டாமல் பைலட்டின் முதுகு காற்றை மறைக்கிற இடத்திலேயே வைத்துக்கொள்வது. எல்லாம் சரி. காலண்டரும் ஆடவில்லை. ஆனாலும் அவள் சிரிக்கவில்லை. மூன்று நாளாக நின்று நின்று வரும் விக்கல் வேறு.

அதனால்தான் தவளை. ரப்பர் தவளை, வயிற்றில் ஸ்பிரிங். அமுக்கி மூடி வைத்தால் அடங்கி உட்கார்ந்திருக்கும். மூடியைத் திறந்தால் முகத்துக்கு எகிறும். முன் இரண்டு தடவையும் கால்வாய் முடிவதற்குள் பேட்டரி தீர்ந்து விமானம் இறங்கியது. சித்தி பேட்டரி டப்பாவைத் திறந்து மாற்றிக்கொண்டு மறுபடி ஏறினாள். மூன்றாவது தடவையும் அப்படித்தான் இறங்குவாள், டப்பாவைத் திறப்பாள், தவளை குதிக்கும், அவள் என்னைத் துரத்துவாள், விக்கல் நிற்கும். என் திட்டம் அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனோம். புல் நனைந்திருந்தது. தாடி வைத்த மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினார். ஏறுபவர்கள் பையில் இருப்பதையெல்லாம் அதில் போட வேண்டும்: சாவி, பேனா, சில்லறை, ஹேர்பின். சித்தியின் தோட்டைக்கூடக் கழற்றச் சொன்னார். கேமராவை ஒரு கயிற்றால் அவள் தோளோடு கட்டினார். பேட்டரி டப்பாவையும் திறந்து பார்த்து, மூடிச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி அதைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"இடுப்புல நீ கட்டு. மத்தவங்க போட்ட முடிச்சு எனக்கு நம்பிக்கையில்ல."

கட்டினேன். கட்டுவதற்கு முன்னால் தவளையை உள்ளே அமுக்கி மூடினேன். முடிச்சு மட்டும் ஒழுங்காக மூன்று போட்டேன்.

பிறகு அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதன் வயரில் ஒன்றைக் கேமராவில் செருகினாள். காற்றுச் சத்தத்துக்குப் பதிலாக ஹெட்போனில் கேட்பது மட்டும் வீடியோவில் பதியும். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் அவள் வாயால் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்பது ஆபீஸ் உத்தரவு. பைலட் கட்டைவிரலைக் காட்டினார். பட்டம் எழுந்தது.

சத்தம் தேய்ந்ததும் மெக்கானிக் தட்டிலிருந்ததை எண்ண ஆரம்பித்தார். சும்மா இருக்க முடியாமல் நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"ஏண்ணே, ஒரு ஹேர்பின்னு கீழ விழுந்தா யாரு தலை ஒடைஞ்சிடப் போகுது?"

"கீழ விழுந்தா பரவால்லயே பாப்பா. பின்னாடி போகும். மேடம் முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"இன்ஜின்."

"அதுக்குப் பின்னாடி புரொப்பெல்லர். கையிலேர்ந்து எது நழுவினாலும் காத்து நேரா அதுக்குள்ளதான் இழுத்துட்டுப் போகும். போன வருஷம் ஒருத்தர் லென்ஸ் மூடிய விட்டாரு. இத்துணூண்டு பிளாஸ்டிக். புரொப்பெல்லர்ல ஒரு றெக்கைய ஒடைச்சிடுச்சு. வயல்ல எறக்கினோம். இரும்பா இருந்திருந்தா..." அவர் முடிக்காமல் தோட்டை ஒரு காகிதத்தில் மடித்தார்.

தவளையின் வயிற்றில் இருப்பது ஸ்பிரிங். ஸ்பிரிங் இரும்பு.

"பரவால்லண்ணே," என்றேன். என் குரல் எங்கிருந்தோ வந்தது. "சித்தி கீழ எறங்கித்தானே பேட்டரி மாத்துவாங்க."

"இன்னைக்கு எறங்கலயே. எறங்கி ஏறினா வெயில் வந்துடும், காத்து கெளம்பிடும், படம் ஆடும். ஒரே மூச்சுல முடிக்கறதா மேடம் நேத்தே சொல்லிட்டாங்க. பேட்டரிய மேலயே மாத்திக்குவாங்க. அரை மணி தாங்கும். ஏழு பத்து வாக்குல மாத்துவாங்க."

மணி ஆறு நாற்பத்தெட்டு.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவர் வாக்கிடாக்கியில் கூப்பிடுவார், பைலட் இறக்கிவிடுவார், மூன்றாவது வாய்ப்பும் போய்விடும். அவள் கைக்கு 'நடுக்கம்' என்ற பட்டம் நிரந்தரமாகிவிடும், அதுவும் என்னால். சொல்லாவிட்டால்? டப்பாவைத் திறப்பாள். ஒரு கையில் கேமரா. முகத்துக்கு எகிறும். பின்னால் போகும். சொன்னால் அவள் வேலை, சொல்லாவிட்டால் அவள். இதிலே யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு என் மூளைக்கு அதுகூட ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மாதிரிதான் இருந்தது.

மைதானத்தின் அந்தக் கோடியில் நாய்கள் இரண்டு ஓடுபாதைக்கு வந்து படுத்தன. "இதப் புடி, ஒண்ணும் தொடாத" என்று மெக்கானிக் வாக்கிடாக்கியை என் கையில் திணித்துவிட்டுக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன். என்ன என்பது முக்கியமில்லை. இரண்டு கெட்ட வார்த்தை சொல்லியிருப்பேன். பொதுவாக நான் பதறுகிற ஆள் கிடையாது.

ஏழு எட்டுக்குக் கால் தானாக ஓடியது. நாய்களுக்கு நடுவில் போய் நின்று சொன்னேன். "அண்ணே, பேட்டரி டப்பாவுல தவளை இருக்கு."

"உயிரோடயா?"

"ரப்பர். ஸ்பிரிங் வச்சது. அமுக்கி மூடியிருக்கேன்."

அவர் கையிலிருந்த கல் கீழே விழுந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாக்கிடாக்கியைப் பிடுங்கப் போனவர் அப்படியே நின்றார்.

"வெரல எடு."

என் கட்டைவிரல் ஓரத்திலிருந்த பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தது. வெளுத்துப்போய் விறைத்திருந்தது. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எரிஞ்சா நீ பேசறது அங்க கேக்கும். அவங்க பேசறது நமக்குக் கேக்காது. எவ்வளவு நேரமா அமுக்கிட்டிருக்க?"

"தெரியலண்ணே."

அவர் விரலைப் பிரித்துவிட்டுக் கூப்பிட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடி கூப்பிட்டார். மறுபடி இரைச்சல். "இருபதாவது கல்லத் தாண்டிட்டாங்க. மலைக்குப் பின்னாடி இது எடுக்காது."

"அப்போ... கேட்டிருப்பாங்களா?"

"தவளைன்னு வாயத் தொறந்து சொன்னியா?"

"மனசுக்குள்ள சொன்னேனா வெளிய சொன்னேனான்னு தெரியலயே அண்ணே."

அவர் மலையையே பார்த்தார். "கேட்டிருந்தா பைலட் இந்நேரம் திருப்பியிருப்பாரு." அவருக்கே தோன்றியதை அவருக்கே சொல்லிக்கொண்டார். பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்து இன்ஜினை ஓடவிட்டபடியே வைத்தார். தீயணைக்கும் சிலிண்டரைப் பின்சீட்டில் கட்டினார். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். அதைப் பார்த்துதான் எனக்குப் பயம் உண்மையிலேயே வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை.

ஏழு பத்து. ஏழு பதினொன்று. மலை, மலையாகவே இருந்தது. பின்னாலிருந்து புகை வருகிறதா என்று பார்த்தேன். வெறும் ஆகாயம், ஒரு கழுகுகூட இல்லை. ஏழு பதினைந்துக்கு மெக்கானிக் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார், ஆனால் கிளம்பவில்லை. எந்தத் திசைக்குக் கிளம்புவது? ஏழு இருபது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியம் தொடங்கிப் பார்த்தேன். 'அம்மா' என்பதற்கு அடுத்த சொல் வரவில்லை.

ஏழு இருபத்தாறுக்குக் கொசு ரீங்காரம்போல ஒரு சத்தம். என் காதிலேயே கேட்கிறது என்று நினைத்தேன். மெக்கானிக் மோட்டார் சைக்கிளை அணைத்தார். சத்தம் இருந்தது. அப்புறம் மலை ஓரத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்கு இறக்கை, இறக்கைக்கு அடியில் இரண்டு தலை. இரண்டு.

இறங்கியதும் சித்தி இடுப்புப் பையைத் தானே அவிழ்த்து, திறக்காமல், தட்டில் வைத்தாள். விக்கல் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பல்லு வெளக்கினியா?"

"...ம்."

"சரி. வயரச் சுத்து."

அவ்வளவுதான். பைலட் என்னைப் பார்த்ததும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பயங்கரக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நேரே பாசன ஆபீசுக்குப் போனோம். வழியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, "இங்க ஒரு சின்ன வேல" என்று உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வந்தாள். ஆண்டு விழா வீடியோவாக இருக்கும் என்று நான் கேட்கவில்லை.

இன்ஜினியர் அறையில் பெரிய டிவியில் போட்டார்கள். கால்வாய், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வந்தது. கரையில் மேயும் ஆட்டின் நிழல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. சித்தியின் குரல், "பன்னெண்டாவது கல்." கொஞ்ச நேரம் கழித்து, "பதிமூணாவது கல்." இன்ஜினியர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். சித்தி என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பதினைந்தாவது கல் முடிந்ததும் கரகரவென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு குரல்.

"சித்தி, பேட்டரி டப்பாவத் தொறக்காத. தொறக்காத சித்தி. உள்ள தவளை இருக்கு. நீ சிரிக்கவே மாட்டேங்கறியேன்னுதான் வச்சேன்..." மூக்கை உறிஞ்சுகிற சத்தம், மிக நீளமாக.

"பதினாறாவது கல்," என்றது சித்தியின் குரல். "இடது கரை எறங்கியிருக்கு."

"வீடியோ ஆடினா ஆடட்டும் சித்தி. உன் கை ஆடினாலும் பரவால்ல. நீ வந்துடு. எங்கம்மாவுக்கு வேற தங்கச்சி இல்ல. எனக்கும் வேற யாரும் இல்ல. நான் ஒம்பதாவது மறுபடி எழுதறேன், சத்தியமா எழுதறேன், வந்துடு..."

திரையில் கால்வாயின் கோடு ஒரு மயிரிழை மேலே போய் இறங்கியது. இன்ஜினியர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"பதினேழாவது கல்," என்றது சித்தியின் குரல்.

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரும்மா இது?"

"வெளி ஆளு சார்," என்றாள் சித்தி. "ரேடியோல இப்படி அப்பப்போ கலந்து வரும்."

இருபதாவது கல்லுக்குப் பிறகு அந்த வெளி ஆள் நின்றுபோனாள். கேமராவின் திரையை அணைத்துப் பேட்டரியை மிச்சம் பிடித்து, கண் மதிப்பிலேயே எடுத்ததாகச் சித்தி சொன்னாள். அதுவும் ஆடவில்லை. இருபத்தைந்தாவது கல்லோடு படம் கறுத்தது.

"கடைசிக் கல்லு?"

"பேட்டரி தீந்துடுச்சு சார்."

இன்ஜினியர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். "அது இங்கேருந்தே தெரியுது, விடுங்க. பதினாறும் இருபத்தொண்ணும் இன்னைக்கே ஆள் போயிடும்." எழுந்து நின்று, "அடுத்த மாசம் ஏரிக்கரை ஒண்ணு இருக்கு மேடம். வேற யாரும் வேணாம்," என்றார்.

வெளியே வந்து படியில் இறங்கும்போது, நானாகவே ஆரம்பித்தேன்.

"அது நான் இல்ல சித்தி."

"நானும் அதத்தானே சொன்னேன்."

"கொரல் கொஞ்சம் என்ன மாதிரி இருந்துச்சு. ரேடியோல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

"ஆமா. பாவம், யாரு பெத்த பொண்ணோ." சித்தி பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பம். பெயர் எழுதுகிற இடம் காலியாக இருந்தது. "பதினாறாவது கல்லுல ஒம்பதாவது எழுதறேன்னா. பத்தொம்பதாவது கல்லுல கணக்குக்கு டியூஷன் வேற போறேன்னா, நீ ஜன்னலப் பாத்துட்டிருந்த, கவனிச்சிருக்க மாட்ட. அவள எங்கயாச்சும் பாத்தா இதக் குடுத்துடு."

வாங்கிக்கொண்டேன். மடிக்கப் பார்த்தேன். எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

"குடுக்கறதுக்குள்ள கண்ணத் தொடைச்சுக்கோ," என்றாள் சித்தி, முன்னால் நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல். "ஃபாரம் நனையுது."